இரண்டு துண்டுக் கம்பி

தேசம்மா,

நீ மீன் விற்றுத் திரும்புமுன் நான் அடையாறு போகிறேன். அங்கே ஒரு வீட்டில் மண் சுமக்க ஆள் கேட்டார்களாம். சாவி கோழிக்கூண்டின் மேல். சட்டியில் பழையது இருக்கிறது. நான் சாப்பிட்டாயிற்று.

மாம்பலத்து மாடி வேலைக்கு இனிப் போக மாட்டேன். பக்கம் தப்பி வளைத்த தளக் கம்பிகளை நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபக்கம் வளைத்துக் கட்டச் சொன்னார் மேஸ்திரி. முடியாது என்று வந்துவிட்டேன். "சொன்னா செஞ்சிட்டுப் போயேன். அந்த வூட்ல நீயா குடியிருக்கப் போறே?" என்று நேற்று கேட்டாய். அந்தத் தளத்தின் கீழே யாரோ பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள், தேசம்மா.

மாடத்தில் இரண்டு துண்டுக் கம்பி வைத்திருக்கிறேன். ஒன்றை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்திப் பார். உன் கோபம் தீருமுன் ஒடிந்துவிடும். மற்றது மேஸ்திரிக்கு. கம்பி வளைக்க வேறு ஆள் இல்லை, மத்தியானம் கூப்பிட வருவார். கையில் கொடு, சண்டை போடாதே.

சவரிமுத்து

நீ சொல்லிக்கொடுத்த எழுத்துதான். தோள் வலியில் கோணலாக வருகிறது.

மறந்துவிட்டேன். ஒடியுமுன் வளைந்த இடம் சுடும். மீன் முள் குத்திய விரலால் பிடிக்காதே.