ஹிந்தே என்றால் பின்னால்

அடியே,

போன சனிக்கிழமை பாகலூர் ரோட்டில், பழைய போனும் ஒற்றைக் காது இயர்போனும் விற்கிற கடைக்கு ஒரு சார்ஜர் வாங்கப் போனேன். கடைக்காரர் "அந்தப் பொட்டியில பாரும்மா, எது செட்டாவுதோ எடுத்துக்கோ" என்று ஓர் அட்டைப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். சிக்கிக் கிடந்த ஒயர்களுக்கு நடுவில் உன் ஆள் கிடந்தான். அதே கேம் சிடி, அதே உறை. இரண்டு கையிலும் துப்பாக்கி, பின்னால் ஒரு கட்டடம் வெடிக்கிறது, அவன் மட்டும் சட்டைப் பொத்தான் போட நேரமில்லாமல் நடந்து வருகிறான். விலை ஸ்டிக்கரை மட்டும் சரியாக அவன் மூஞ்சியின் மேல் ஒட்டியிருந்தார்கள். கடை என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உனக்கும் அந்த முகத்துக்கும் கடைசி வரை ராசியே இல்லை.

சார்ஜரை மறந்துவிட்டு அதை வாங்கி வந்தேன். போட்டு ஆட என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது என்பது ரூமுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆறு நாளாக மேசைமேல் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம், உன்னிடம் நான் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று உறுத்துகிறது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இனிமேலும் தள்ளிப்போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அவன் கதாநாயகனாக வந்த பட வரிசையின் ஐந்து பாகத்தையும் டிவியில் தமிழ் டப்பிங்கில் மனப்பாடம் ஆகும் வரை பார்த்தவள் நீ. வீட்டில் கன்னடம், கம்பெனி லைனில் தமிழ், மனசுக்குள் அந்த அமெரிக்கன். அந்தப் படத்தை வைத்தே கேம் வந்திருக்கிறது, நாமே அவனாக மாறிச் சுடலாம் என்று யாரோ சொன்னதும் உனக்கு நிலைகொள்ளவில்லை. முதல் ஷிப்டு முடிந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஐயங்கார் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த கேம் சென்டருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே இருந்த பையன்கள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்கள். சென்டர்காரர், பிரிண்ட் அவுட் எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, பென் டிரைவ் கேட்டுக் கையை நீட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. திரையில் இரண்டு கைகள் வந்தன, ஒரு துப்பாக்கி வந்தது. ஆளைக் காணோம்.

"எங்கண்ணா ஆளு?" என்று கேட்டாய்.

"நீங்கதான் மேடம் ஆளு. அவரு கண்ணு வழியாத்தான் எல்லாம் தெரியும்."

"நான்தான் அவன்னா, அவன நான் எப்போ பாக்கறது?"

அதோடு விட்டதா? உன் ஆள் வாயைத் திறந்து இங்கிலீஷில் பேசினான். ஐந்து பாகமும் தமிழில் கர்ஜித்தவன் திடீரென்று சளி பிடித்த குரலில் இங்கிலீஷ் பேசியதும், "இவன் யார்டி? டூப்பு" என்றாய். முகமும் இல்லை, குரலும் இல்லை. நானென்றால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன். நீ அவன் முகத்தைத் தேட ஆரம்பித்தாய்.

உலகத்திலேயே அந்த விளையாட்டை உன்னைப் போல ஆடியவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மேல் மாடியில் பிணைக்கைதிகள் கதறிக்கொண்டிருப்பார்கள், குண்டு வெடிக்க இரண்டு நிமிடம்தான் இருக்கும், நீ பாத்ரூம் பாத்ரூமாகக் கதவைத் திறந்து கண்ணாடி தேடிக்கொண்டிருப்பாய். ஒன்று உடைந்திருக்கும். இன்னொன்றில் புகை படிந்திருக்கும். "இத்தனை கோடி செலவு பண்ணி கட்டடம் கட்டியிருக்கான், ஒரு நல்ல கண்ணாடி மாட்டலியே" என்று திட்டுவாய். பிணைக்கைதிகள் உன்னால் பலமுறை செத்தார்கள்.

வேலைப் பழக்கமும் உன்னை விடவில்லை. கார்களுக்கு ஒயர் கட்டுகிற நம் லைனில், பிளக்கைத் தள்ளு, கிளிக் சத்தம் கேள், இழுத்துப் பார் என்று முதல் நாளிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். துப்பாக்கியில் குண்டு மாற்றும்போதும் கிளிக் சத்தம் முழுசாகக் கேட்டால்தான் நீ சுடுவாய். நடுவில் எவனாவது சுட்டால், "இருடா, செக் பண்ண வேணாமா" என்று அவனைத்தான் அதட்டுவாய்.

இரண்டு பேராகச் சேர்ந்து ஆடும்போது நீதான் எப்போதும் கதாநாயகன். எனக்கு அவனோடு சுற்றுகிற தொப்பைப் போலீஸ்காரன் வேஷம். என் திரையில் உன் ஆள் எனக்கு முன்னால் ஓடுவான். "எப்டி இருக்கான்?" என்று கேட்பாய். "முதுகு நல்லாத்தான் இருக்கு" என்பேன். அவ்வளவு ஆசை இருந்தால் நான் அவனாகிறேன், நீ பார்த்துக்கொள் என்று ஒருநாள் சொன்னேன். "அப்போ நான் தொப்பையா?" என்று நாலு நாள் பேசவில்லை.

நமக்குள் இருந்த பெரிய தகராறு மொழித் தகராறு. சும்மா பேசும்போது நீ நன்றாகத் தமிழ் பேசுவாய். துப்பாக்கி வெடித்துவிட்டால் உங்கள் ஊர் தளிப் பக்கத்துக் கன்னடம்தான். எனக்குப் பின்னால் எவனாவது வந்தால் "ஹிந்தே! ஹிந்தே!" என்று கத்துவாய். மன்னார்குடியிலிருந்து வந்த புதுசில் எனக்கு அது "இந்தா! இந்தா!" என்று கேட்கும். ஏதோ மருந்துப் பெட்டி கிடைத்திருக்கிறது, எனக்குத் தருகிறாள் என்று ஆசையாக உன்னை நோக்கி ஓடி வருவேன். முதுகில் குண்டு வாங்கி விழுவேன். ஒரு மாதம் இப்படியே செத்தேன். கடைசியில் நீ ஒரு பேப்பரில் 'ஹிந்தே என்றால் பின்னால்' என்று எழுதி என் ஹாஸ்டல் கட்டிலில் ஒட்டினாய். அதற்கப்புறம் நான் ஒருமுறைகூட அந்த வார்த்தையைத் தப்பாகக் கேட்டதில்லை. இது உனக்குத் தெரியாது. மேலே படி.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு கம்பெனியில் அந்த கேமையே போட்டியாக வைத்தார்கள். ஜெயிக்கிற ஜோடிதான் கேட்டுக்கு முன்னால் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று எச்.ஆர். சார் அறிவித்ததும் நீ சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாய். "வருசா வருசம் பூசணிக்காய நாம கழுவறோம், நாம ஓட்ட போடறோம், நாம குங்குமம் ரொப்பறோம். ஒடைக்கறது மட்டும் மிஷின் ஷாப்பா? இந்த வாட்டி நான் ஒடைக்கறேன் பாரு." மிஷின் ஷாப் முனிராஜ் அண்ணன் பக்கத்து மேசையில் இருந்தார். "ஒடைக்கலாம்மா, ஆனா மொதல்ல அதத் தூக்கணும்" என்றார். அன்றிலிருந்து ஷிப்டு முடிந்ததும் தினம் பேக்கரி மாடிதான்.

ஸ்டோர்ஸ் ஜோடியை ஜெயித்தோம். பெயின்ட் ஷாப்பை ஜெயித்தோம். இறுதியில் முனிராஜ் அண்ணனும் மெயின்டனன்ஸ்காரர் ஒருவரும். டிரெயினிங் ஹாலில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். எட்டிப் பார்த்து யாரும் துப்புக் கொடுக்கக் கூடாது என்று, திரைகள் ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். நம் லைன் முழுக்க எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. அடுத்துச் சாகிற ஆளுடைய ஜோடி தோற்றதாகக் கணக்கு.

கேமில் வருகிற அந்த ஓட்டல் கட்டடத்தின் மூன்றாவது மாடி. நீ வராந்தாவின் கோடியில் காவல் நின்றாய், நான் ரூம் ரூமாகப் பார்த்து வந்தேன். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே பாத்ரூம். சுவர் முழுக்கக் கண்ணாடி. உடையாதது, புகை படியாதது, பளபளவென்று துடைத்து வைத்தது.

"ஹிந்தே! ஹிந்தே நோடே!" என்று நீ கத்தினாய்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னால் பாரடி என்று தெளிவாகப் புரிந்தது. ஆறு மாதம் உன்னோடு குப்பை கொட்டியவளுக்கு அதுகூடப் புரியாதா? திரும்பியிருந்தால் முனிராஜ் அண்ணனைச் சுட்டிருக்கலாம். நான் திரும்பவில்லை. ஒரே ஒரு நொடி, முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால், ஆட்டம் முடிந்ததும் உன்னை இங்கே கூட்டி வந்து காட்டலாம் என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதில் யாருமே இல்லையடி. வாஷ்பேசின் தெரிந்தது, கதவு தெரிந்தது, டியூப் லைட் தெரிந்தது. நான் இல்லை. என்னைச் சுட வந்தவரும் இல்லை. அந்தக் கண்ணாடிக்கு ஆளைக் காட்டத் தெரியாது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே சுட்டுவிட்டார்.

"ஏம்மா, நட்ட கம்பமாட்டம் நின்னுகினு இருந்தே?" என்று முனிராஜ் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். கண்ணாடி பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகும்? பொம்பளைகளை ஆட விட்டால் கண்ணாடி பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று அந்த கம்பெனி இருக்கும் வரை சொல்வார்கள். அதனால், "இவ ஹிந்தேன்னு கத்துனது எனக்கு இந்தான்னு கேட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. தோற்றதற்குக் காரணம் உன் கன்னடம் என்று ஆகிவிட்டது.

நீ என்மேல் கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ படவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது, "தப்பு என்துதான்டி. தமிழ்ல கூவியிருக்கணும்" என்றாய். அப்புறம் பேக்கரி மாடியில் ஆடும்போதெல்லாம் 'பின்னாடி' என்று கத்தப் பழகினாய். யோசித்து, மொழிபெயர்த்து, நீ கத்தி முடிப்பதற்குள் நான் செத்துப்போய் ஐந்து நொடி ஆகியிருக்கும். கம்பெனியில் உனக்கு 'இந்தா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கும் சிரித்தாய். நான் பக்கத்தில் நின்று பிளக்கைத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு மாத்திரையில் போய்விடும் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அந்தப் படத்தின் ஆறாம் பாகம் வரப்போகிறதாமே, கேமும் வருமா என்று கேட்டாய். வரும் என்றேன். "வந்தா நான் தமிழ்லயே கூவறேன், நீ பயப்படாத" என்றாய். அந்த நிமிடமாவது சொல்லியிருக்க வேண்டும். உனக்கு உடம்பு தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் நீ இல்லை. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜையில் முனிராஜ் அண்ணன் உன் நினைவாக இந்தாக் கதையைச் சொன்னார். உன் காரியத்துக்குத் தளி வரை வந்து அழுதவர், பிரியத்தில்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் பொரியைத் தின்றுகொண்டு நின்றேன்.

இந்த வருடப் பூஜை, செவ்வாய்க்கிழமை. கேட்டுக்கு முன்னால் அவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "நம்ம இந்தான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். "அண்ணா, நிறுத்துங்க" என்று நான் கத்திய கத்தலில் செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"அவ ஒழுங்காத்தான் கத்துனா. எனக்கும் ஒழுங்காத்தான் புரிஞ்சுது. நான்தான் பாத்ரூம்ல கண்ணாடி பாத்துகிட்டு நின்னேன்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் பூசணிக்காயோடு என்னையே பார்த்தார்.

"கேமுக்குள்ள... கண்ணாடியா?"

"ஆமா."

"தலையெல்லாம் சரியா இருந்துச்சா?"

"தலையே தெரியலண்ணா."

அப்புறம் வெடித்த சிரிப்பில் கற்பூரமே அணைந்திருக்கும். அவர் மட்டும் கடைசியாகச் சிரித்தார். "அப்போ மூணு வருசமா அந்தப் பொண்ண தப்பாவா பேசிகினு இருந்தோம்" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். சரி, அவளுக்காக அந்தப் பூசணிக்காயை என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். "தோத்தது தோத்ததுதாம்மா" என்று தலையைச் சுற்றி ஓங்கிப் போட்டு உடைத்துவிட்டார். என்னால் அதை மட்டும் உனக்கு வாங்கித் தர முடியவில்லை.

லீவு முடிந்து இன்று காலை வருகைப் பதிவு மிஷினில் விரலை வைத்து உள்ளே நுழையும்போதே "கண்ணாடி வந்தாச்சு" என்றார்கள். டீ நேரத்துக்குள் அது ஸ்டோர்ஸ் வரைக்கும் போய்விட்டது. உன்னைப் பற்றிப் பேசும்போது இப்போது உன் சொந்தப் பெயரைச் சொல்கிறார்கள். மத்தியானம் உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் புதுப் பெண் ஒருத்தி, "கன்னடியக்கா" என்று கூப்பிட்டாள். என்னையே கன்னடக்காரி என்கிறாளோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடிக்கு உங்கள் மொழியில் அதுதானாமே. மன்னார்குடியில் பிறந்தவளை இனி ரிட்டயர் ஆகும் வரை பாதி கம்பெனி கன்னடி என்றுதான் கூப்பிடும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் 'என்னடி' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஏனே?" என்று உன் கன்னடத்தில் வந்துவிட்டது.