நான் கேட்டது கதிரை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
14.10.2007

அன்பு மகன் டினோஜனுக்கு, அம்மா எழுதுவது. மூன்றாம் மாடிப் படியில் முழங்கால் முறைப்பாடு சொல்வதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. சிட்னியில் நீயும் பிரியந்தியும் என் பேத்தியும் மாதாவின் துணையால் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லூர்து யாத்திரைப் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மா, சனம் சிரிக்குது, அதைக் கிழிச்சுப் போடுங்கோ என்று போனில் சத்தம் போட்டாய், நான் வாய் திறக்கமுன் வைத்தும் விட்டாய். யாத்திரையில் கூட வந்த திரேசம்மா எங்கள் பங்குக் கோயில் முழுக்கச் சொன்ன கதையைக் கேட்ட நீ இப்போது என் கதையையும் கேள். திரும்பும் வழியில் ஸ்பெயினில், வலன்சியாவில், ஒரு கடையில் இறங்கினோம். கோரைக்கிழங்கு மாதிரி ஒன்றை அரைத்துப் பால்போல வடித்துக் குளிரக் குளிரத் தருகிறார்கள், ஓர்சாத்தா என்று பெயர், இரண்டு கிளாஸ் குடித்தேன். பழம் வெட்டிப் போட்ட சிவப்பு வைன், சங்ரியா, அதுவும் ஒரு கிளாஸ் குடித்தேன், ஒளிக்கவில்லை. எங்கள் மேசை அவர்கள் பாஷையிலும் மேசைதான், தின்கிற பாண் பாண்தான், காலில் போடுகிற சப்பாத்துக்கூட அப்படித்தான். மற்றவர்கள் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க நான் தமிழிலேயே பாண் வாங்கினேன். அந்தச் சந்தோஷப் புழுகத்தில், கால் நொந்து நின்ற திரேசம்மா உட்காருவதற்காக, கதிரை, கதிரை என்று பரிமாறுகிறவனிடம் கேட்டேன். அவர்கள் பாஷையில் அது இடுப்பாம்! அவன் இடுப்பில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான். நானும் சிரிப்பு அடக்கமாட்டாமல் ஒரு ஆட்டு ஆட்டினேன். அந்த நேரத்தில் எடுத்த படம்தான் அது. தோளில் கிடக்கிற சிவப்புச் சால்வை அன்று காலை வாங்கியது, குஞ்சம் வைத்து, பூவெல்லாம் கையால் தைத்தது, தைத்த பெண்ணே விற்றாள். புருஷன் இல்லாதவளுக்குச் சிவப்பு என்னத்துக்கு என்று திரேசம்மா கேட்டா. குளிருக்கு என்றேன்.

மகன், சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்று உன்னை வளர்த்தபோது யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. அப்பா போன இந்த ஏழு வருடத்தில் நான் வாய்விட்டுச் சிரிக்கிற படம் அது ஒன்றுதான். கிழிக்கமாட்டேன். பெரிதாக்கிச் சுவரில் மாட்டியாயிற்று, உனக்கும் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சேலையோடு வாங்கோ என்றாய். சேலை வெள்ளைதான், சால்வை சிவப்பு. அது உனக்கு வெட்கம் என்றால் இப்போதே எழுது, நான் டிக்கெட் எடுக்கவில்லை. பேத்தியைப் பார்க்காவிட்டால் மனம் நோகும், அதற்காகச் சால்வையைக் கழற்றமாட்டேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். பிள்ளையைத் தலை துவட்டாமல் வெளியே கொண்டுபோகாதே. இன்னொன்று, மறவாதே: கோயிலில் முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டு வை. கதிரையைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
படத்தில் சிரிக்கிற அதே அம்மா,
சிசிலி