மகன் போட்ட டிக்கெட்

ஆவணி 3, செவ்வாய்.

மகன் துபாயிலிருந்து பிசினஸ் கிளாஸ் டிக்கெட் அனுப்பியிருக்கிறான். அடுத்த வாரம் பயணம். குரங்கணித் தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பும் அடுத்த வாரம்தான். தேதியைத் தள்ளிப் போடலாம் என்று போடியில் டிராவல்ஸ் கடைக்குப் போனேன்.

"பிசினஸ்லயே பல தினுசு இருக்குய்யா. சீட்டு, சாப்பாடு எல்லாம் ஒண்ணுதான். ஆனா இது கடைசித் தினுசு, தேதி மாத்த முடியாது" என்றாள் அங்கிருந்த பெண்.

காயைச் சலித்து ரகம் பிரிக்கிற எனக்கு அது விளங்கியது. பையன் தெரியாமல் வாங்கிவிட்டான் என்று போன் செய்தேன்.

"தெரிஞ்சுதான்ப்பா போட்டேன். போன மூணு தடவையும் மாத்துற டிக்கெட்டு போட்டேன், நீங்க வரவே இல்லையே" என்றான்.

போனை வைத்துவிட்டு, திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தேன். தை மாதம். எடுப்பே முடிந்திருக்கும். அதுவும் கடைசித் தினுசுதான்.