நேசமலர் அக்காவின் தாச்சி

துணுக்காய்

அன்பு மகன் சரீபுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் முகத்தைத் தவிர. அது உன் உம்மாவுக்கு முன்னால் இன்னும் முழுதாக நிமிரவில்லை. காரணம் நீதான். நீ அங்கே வாடகைக்கு இருக்கிற வீட்டு மலாய் உம்மா மாட்டிறைச்சியை மெல்லிசாக வெட்டி, பெரிய நெருப்பில் சோஸ் ஊற்றிப் பிரட்டித் தருகிறா என்று எழுதினாயே, அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உம்மா உன் பெரியம்மாவைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போனதும் குசினிக்குள் இறங்கிவிட்டேன். துணுக்காயில் சோஸ் போத்தலுக்கு எங்கே போவது, நானே காய்ச்சினேன். புளியைக் கரைத்து, பனங்கட்டி போட்டு, உள்ளி, இஞ்சி, செத்தல் மிளகாய் அரைத்துச் சேர்த்து, கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும்வரை கிண்டினேன். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தைக் கோழிகள் மட்டும்தான் பார்த்தன. பிறகு சுவரில் தொங்கிய தாச்சிச் சட்டியை எடுத்து, அது புகைகிற சூட்டில் இறைச்சியைப் பிரட்டி, சோஸை ஊற்றினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாயிருந்தது. பின்னேர பஸ்ஸில் வந்த உம்மாவும் ஒரு துண்டை வாயில் வைத்துத் தலையாட்டினா. பிறகு அடுப்பைப் பார்த்து அப்படியே நின்றா. "இஞ்சேருங்கோ, இது ஆரின்ரை தாச்சி?"

பெருநாள் பலகாரம் சுட அடுத்த வீட்டு நேசமலர் அக்காவிடம் உம்மா இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் மாட்டி வைத்தது. மாடு கும்பிடுகிற வீடு என்று இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு இறைச்சி காய்ச்சிய நாங்கள், இப்போது அவவின் தாச்சியிலேயே காய்ச்சியிருக்கிறோம். நீ பிறக்கும்போது முதலில் ஓடி வந்த மனிசி அவ. சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒன்றும் தெரியாதவன்போலக் கொடுத்துவிடலாம் என்று சைத்தான் யோசனை சொன்னான், உம்மா பார்த்த பார்வையில் அவனே ஓடிவிட்டான். அடுத்த நாள் கிளிநொச்சிச் சந்தையில் புதுத் தாச்சி வாங்கிக்கொண்டு போய் அவவின் படலையில் நின்று, எல்லாத்தையும் சொன்னேன். இனி அந்த வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி கிடையாது என்றுதான் நினைத்தேன்.  அக்கா புதுத் தாச்சியை வாங்கிச் சுண்டிப் பார்த்தா. பழையது இனி உங்களோடையே இருக்கட்டும் என்றா. பிறகு உள்ளே ஒருக்கால் பார்த்துவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு மெல்லக் கேட்டா: "நானா, அந்தப் புளியும் பனங்கட்டியும் கொதிச்ச வாசம் இஞ்சையும் வந்தது. அதைக் கத்தரிக்காய்க்கு ஊத்தேலாதோ?" நேற்று அவவின் குசினியில், புதுத் தாச்சியில், நான் நின்று கத்தரிக்காய் பிரட்டினேன். அவவின் மனுசன் வீரகத்தி அண்ணன் மறுசோறு கேட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஜும்ஆவைத் தவறவிடாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் தருவான். மலாய் உம்மாவிடம் வேறு ஏதும் கறி கேட்டறிந்தால், வீட்டுக்கு எழுதாதே மகன், என் கடை விலாசத்துக்கு எழுது.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீராசாகிபு