காவி கலந்த கல்

அத்தி வரதர் இப்போது எழுந்தருளியதற்கு முந்தின தடவை, ஊர் கொள்ளாமல் வெளியூர்க் கூட்டம் வந்ததே, அந்த வருஷத்து ஆயுத பூசையில் நடந்ததைத்தான் சொல்கிறேன். இன்று கோயில் மதிலுக்குப் புதிதாகக் காவிப் பட்டை அடித்திருக்கிறார்கள். அந்த ஈர வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மேடம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மாடிவீட்டு அம்மா எழுதுகிறார்கள்.

காலேஜில் உங்கள் ஆராய்ச்சி அறையில் நான் உலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தூளை நெருப்புச் சுடர் வழியாக மெல்ல உதிர்த்தால், கீழே விரல் கனத்துக்குக் கல் வளரும், தண்ணீர் மாதிரித் தெளிவாக. பூசை முடிந்து வளர்த்த கல்லோ தேன் நிறத்தில் வந்தது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தீர்கள். தெளிந்த கல் தடுத்து நிறுத்திய மின்சாரத்தை இது கசியவிட்டது, சூடும் ஏறியது.

அறையைப் பெருக்க வரும் கன்னியம்மா, பூசைக்காகத் தூள் டப்பாவின் மூடிக்கும் காவிப் பட்டை அடித்திருந்தாள். காய்ந்து உதிர்ந்தது உள்ளே விழுந்திருக்கிறது. துறைத் தலைவரான பெரிய சார் கத்தினார்: "நாளையிலேர்ந்து இவ வரக் கூடாது!"

"எல்லாத்துக்கும் அடிச்சிக்கினு வந்தேன் சார். இது மட்டும் மொட்டையா இருக்குதேன்னு இதுக்கும் அடிச்சிட்டேன்," என்று அழுதாள். புருஷன் இல்லாதவள், இடுப்பில் குழந்தை. அந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

நீங்கள்தான் தவணை கேட்டீர்கள். "கெட்டுப்போச்சுன்னு சொன்னா போதுமா சார்? என்ன கலந்துச்சு, எவ்ளோ கலந்துச்சுன்னு பாக்க வேணாமா?"

பிறகு நீங்களே காவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்தீர்கள். ஒவ்வொரு கல்லும் முன்னதைவிடக் கருத்து வந்தது. மீட்டர் முள்ளும் அதற்கேற்ப நகர்ந்தது. கற்களை மேசையில் வரிசையாக வைத்து, "காவியில இருக்கிற இரும்புதான் சார் இவ்ளோவும் பண்ணுது. இனிமே என் ஆராய்ச்சியே இதுதான். இவங்கள அனுப்பிட்டு நான் இத எப்படி எழுதறது?" என்றீர்கள்.

பெரிய சார் ஒரு கல்லைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போவட்டும். காவி மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

கன்னியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "அப்போ கோலமாவு வரலாமா சார்?" என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

பெரிய சார் போய் ரொம்பக் காலமாகிறது. நீங்கள் போன சேதி எனக்குப் போன வாரம்தான் வந்தது. தெருவில் யாரிடம் சொல்வது? "எந்த மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். யாராவது ஒன்றைக் கெட்டது என்று தள்ளினால், அதில் என்ன கலந்தது என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாளைக்குப் பஸ் ஏறித் திருப்புட்குழி போகிறேன். இந்தச் சேதியைக் கேட்டு அழ அங்கே, மகன் வீட்டில், இன்னும் ஒருத்தி மிச்சம் இருக்கிறாள்: கன்னியம்மா.