அம்மாவுக்கு ஒரு படி

அன்புள்ள அம்மா, முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே டகோட்டாவில் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் பிக்கப் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தி, பெரிய டயரும் போட்டுவிட்டேன். "அந்த ஏணியில நான் ஏறவே மாட்டேன்"னு போனில் கத்தினாயே, ஏறத்தான் போகிறாய். கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வந்ததும் அதில்தான் சர்ச்சுக்குப் போகிறோம். நீ உட்காரும் பக்கக் கதவுக்குக் கீழே தாழ்வாக ஒரு படி நானே வெல்டிங் செய்து மாட்டியிருக்கிறேன்.

எண்ணெய்க் கிணற்றில் என்னோடு வேலை செய்யும் டாரலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தரை தட்டக் கூடாதுன்னு வண்டியைத் தூக்கிட்டு, தரை தட்டுற மாதிரி படி வைப்பியா? கழட்டி எறிம்மா, மானம் போகுது!"

"உன் மானம்தானே, போகட்டும்" என்றேன்.

நேற்றே படி கல்லில் தட்டி வளைந்துவிட்டது. அவன் கைதட்டினான். நான் நிமிர்த்தி அதே இடத்தில் மாட்டினேன்.

வலிக்காமல் எத்தனை அங்குலம் காலைத் தூக்க முடிகிறது என்று அப்பாவை அளந்து எழுதச் சொல். வீம்புக்குக் கூட்டிச் சொல்லாதே. நான் இங்கே வந்த எட்டு மாதமாக அந்தப் பக்கக் கதவை யாரும் திறக்கவில்லை, அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது. வண்டியை ஒரு அங்குலம்கூட இறக்க மாட்டேன். படியை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்குகிறேன்.

உன் பிடிவாதத்தோடு பிறந்த
லேசி