மஞ்சள் அட்டை போட்ட மாமியார்

என் ஆசைப் பாவாவுக்கு,

உங்கள் புத்தகம் வந்துவிட்டது. வந்தது மட்டுமா, மலையேறி சாமி கும்பிட்டும் வந்துவிட்டது! அதற்குள் சிரிக்காதீர்கள், முழுவதும் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு, 'மாமியாரைக் காணோம்' கையெழுத்துப் பிரதியைச் சுமந்துகொண்டு பட்டணத்தில் நான் ஏறி இறங்காத பதிப்பாளர் இல்லை. "யுத்தம் முடிஞ்சும் காகிதக் கட்டுப்பாடு முடியலைம்மா. பேர் தெரியாதவங்க புஸ்தகத்துக்குக் காகிதம் எங்கே?" என்று எல்லோரும் ஒரே பல்லவி. ஒருவர்கூட முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. அரக்கோணத்தில் தப்பான ரயிலில் ஏறிவிட்ட மாமியாரைக் குடும்பமே தேடுகிற கதையைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பானா ஒருத்தன்?

ஆஸ்பத்திரியில் இருமிக்கொண்டு கிடந்தபோதுகூட, "யாராச்சும் சிரிப்பாங்களாடி?" என்றுதானே கேட்டீர்கள்? பெண்டாட்டி நான் சிரித்ததெல்லாம் கணக்கில் சேராதாம்! அந்த ஒரு கேள்விக்காகவே இதை அச்சில் பார்த்துவிடுவது என்று வைராக்கியமாக இருந்தேன்.

கடைசியில் நம் ஊர் அச்சகத்துக் காதர் பாய்தான் கை கொடுத்தார். கிருத்திகைக்கு முருகன் பாட்டுப் புத்தகம் போடுகிறவர் அவர். "உள்ளே காகிதம் எப்டியோ தேத்திடலாம்மா. அட்டைக்குத்தான் வழியில்ல. பாட்டுப் புஸ்தகத்துக்கு அடிச்ச மஞ்சள் அட்டை மீந்துபோய்க் கெடக்குது, போட்டுக்கலாமா?" என்றார். மயிலும் வேலும் போட்ட அட்டை. அடியில் கதையின் பெயரும் உங்கள் பெயரும் பொடி எழுத்தில். புத்தகம் வந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று சரவணப் பொய்கைக் கரை மண்டபத்தில் கடை விரித்தேன். காவடிக் கூட்டத்தில் பொடி எழுத்தை யார் பார்க்கிறார்கள்? "முருகா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி, சாமி பாதத்தில் வைக்க மலைக்கு எடுத்துப் போனார்கள். "ஐயா, இது கதைங்க" என்று நான் கத்தியது பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

மத்தியானம் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்கள் கும்பலாக மலையிறங்கி வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். உங்களுக்குத் தெரியாததா, ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவது அவர்கள் வழக்கம். அவர்களில் ஒருவர் அட்டைக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, புத்தகத்தைத் திறந்து ராகம் இழுத்தார்.

"ஐயோ, என் மாமியாரைக் காணோமே!"

கூட்டமே கண்ணை மூடித் தாளம் தட்டிப் பாடியது: "ஐயோ, என் மாமியாரைக் காணோமே!"

"காலையில் இட்லி தின்றவள் எங்கே?"

"காலையில் இட்லி தின்றவள் எங்கே?"

அப்போதுதான் பாடினவருக்கு உறைத்தது. பாட்டு நின்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மிச்சப் புத்தகங்களை மடியில் அள்ளிக்கொண்டேன் பாவா. சாமி காரியத்தில் விளையாடினேன் என்று அடிக்க வருவார்களோ? உங்கள் புத்தகத்தைக் குளத்தில் எறிவார்களோ?

அந்தக் கும்பலில் மாப்பிள்ளையோடு வந்திருந்த ஓர் அம்மாள் அதட்டினாள்: "இன்னாத்துக்கு நிறுத்திட்டே? அந்த மாமியா கெடச்சாளா இல்லியா? படி!"

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீங்க இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க மாப்ளே?"

அவ்வளவுதான், மண்டபமே வெடித்தது! கடைசிப் பக்கம்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மணவூர் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் மாமியார் உட்கார்ந்துகொண்டு அவரையே வேலை வாங்குகிற இடத்தில், படித்தவருக்கே சிரித்துச் சிரித்துக் குரல் போய்விட்டது. நான் தூணில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். கேட்டீர்களே, சிரித்தார்கள் பாவா. நன்றாகச் சிரித்தார்கள்.

போகும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வூட்டுக்கு வந்து மாமியா அந்த மாப்ளைய இன்னா பண்ணா? எழுதினவரை மேல எழுதச் சொல்லும்மா."

"ஆங், சொல்றேங்க" என்றேன். நீங்கள் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. அத்தனை சிரிப்பை எதற்குக் கெடுப்பது?

ஆகவே நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கென்ன கஷ்டம்? நீங்கள் எழுதியது என் அம்மாவைத்தான் என்று ஊருக்கே தெரியும். மாமியாரைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். அந்த மாப்பிள்ளைக்கு இருமல் வரும், ஆஸ்பத்திரிக்கும் போவார். ஆனால் பிழைத்து வருவார் பாவா, இது சத்தியம். பேனா இப்போது என் கையில் இருக்கிறது.

இன்னும் உங்களோடு வாயாடிக்கொண்டிருக்கும்
உங்கள் மாமன் மகள்,
ரங்கம்மா